மறுபடி வராம இருக்கறது ஓரத்துல தான் இருக்கு: டி.எஃப்.எஸ்.பி. கட்டி பத்தி ஒரு விரிவான பதில்

பர்மாவுல மோல்மீன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்னு கேள்விய சுருக்கி எழுதிடறேன். அண்ணனுக்கு 38 வயசு, வலது தோள்பட்டைக்கு பின்னாடி ரொம்ப வருஷமா ஒரு கட்டி, வலி கிடையாது, கொழுப்புக் கட்டின்னு விட்டுட்டாங்க, அப்புறம் பெருசாகி சட்டை உரசுதுன்னு ஒரு சின்ன கிளினிக்ல மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டாங்க. லேப் ரிப்போர்ட்ல டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டூபெரன்ஸ் (சுருக்கமா டி.எஃப்.எஸ்.பி.), மார்ஜின் பாசிட்டிவ், அதாவது வெட்டின ஓரத்துல கட்டி மிச்சம் இருக்குன்னு வந்துருக்கு. இப்போ ரங்கூன்ல சர்ஜன் அந்த எடத்தையே மறுபடி அகலமா வெட்டணும்ங்கிறார், அம்மா கத்தி பட்டா பரவிடும்னு அழறாங்க. திரும்பி வராம இருக்க என்ன மருந்து, என்ன பத்தியம்னு தம்பி கேக்கறார்.

நான் டாக்டர் இல்ல தம்பி. ரங்கூன்ல பேத்தாலஜி லேப்ல, வெட்டி எடுத்த சதைய பதப்படுத்தி கண்ணாடி ஸ்லைடு ஆக்கற வேலை எனக்கு. அதனால சர்ஜன் பக்கத்துலேர்ந்து சொல்றத விட டப்பாவுக்குள்ள வர்ற சதை பக்கத்துலேர்ந்து தான் சொல்வேன். நேரா சொல்லிடறேன், இந்தக் கட்டி திரும்பி வராம தடுக்கற மருந்து, லேகியம், பத்தியம் எதுவும் கிடையாது. தடுக்கறது ஒண்ணே ஒண்ணு தான், வெட்டி எடுத்த சதையோட ஓரம் சுத்தி எல்லா பக்கமும், அடியிலயும், கட்டியோட செல்லு ஒண்ணு கூட இல்லாம கிளியரா இருக்கணும். மிச்சதெல்லாம் அதுக்கு அப்புறம்.

இந்தக் கட்டி எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சா தான் சர்ஜன் ஏன் அவ்ளோ அகலமா கேக்கறார்னு புரியும். தோலோட உள் அடுக்குல, அதாவது டெர்மிஸ்ல ஆரம்பிக்கிற சார்கோமா, ஒரு வகை புற்றுநோய் இது. ரொம்ப அபூர்வம், அமெரிக்கா கணக்குப்படி 10 லட்சம் பேருக்கு வருஷத்துக்கு சுமார் 4 பேர். பாரிஸ்ல 1924ல டாரியேவும் ஃபெர்ரானும் சேர்ந்து விவரமா எழுதினாங்க, அடுத்த வருஷம் ஹாஃப்மன் இந்த நீளமான பேர வச்சார், அவர் வச்ச பேர எழுதறதுக்கு எங்க ரெஜிஸ்டர்ல கட்டமே பத்தாது. 20லேர்ந்து 50 வயசுக்குள்ள தான் அதிகம், முதுகு, நெஞ்சு, தோள்பட்டை, தொடை மாதிரி எடத்துல வரும். மெதுவா வளரும், வருஷக்கணக்கா சும்மா கெடக்கும், அதனால தான் கெலாய்டு (தடிச்சு வளர்ற தழும்பு), கொழுப்புக் கட்டி, பழைய தழும்புன்னு எல்லாரும் விட்டுடறாங்க. உங்க அண்ணன் விட்டது ஒண்ணும் அதிசயம் இல்ல, அவர திட்டாதீங்க.

நல்ல சேதி என்னன்னா சாதாரண டி.எஃப்.எஸ்.பி. உடம்புல வேற எடத்துக்கு போறது ரொம்ப கம்மி, 100ல 5 பேருக்கும் குறைவு, போனாலும் பெரும்பாலும் நுரையீரலுக்கு தான். கெட்ட சேதி, அதே எடத்துல திரும்பி வர்றதுல இது பெரிய பிடிவாதக்காரன். மேல பார்த்தா ஒரு நெல்லிக்காய் அளவு தான் தெரியும், ஆனா அடியில கொழுப்புக்குள்ள மெல்லிசு மெல்லிசா கால் நீட்டி போயிருக்கும், ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் தான் போயிருக்கும் இன்னொரு பக்கம் மூணு சென்டிமீட்டர் போயிருக்கும், வெளிய தடவினா தெரியவே தெரியாது. வயல்ல கோரை பிடுங்கினவங்களுக்கு இது தெரியும், மேல புல்லு கைல வந்துடும், கிழங்கு மண்ணுக்குள்ளயே இருக்கும், அடுத்த மழைல மறுபடி நிக்கும். கட்டிய மட்டும் தோண்டி எடுத்தா நடக்கறது அது தான். குறுகலா வெட்டினவங்கள்ல திரும்பி வந்தது 20லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும்னு பழைய கணக்குங்க இருக்கு.

இப்போ அம்மாவோட பயத்துக்கு வர்றேன். கத்தி பட்டா பரவும்னு நம்ம ஜனங்க சொல்றது சும்மா வந்த பேச்சு இல்ல, அவங்க கண்ணால பார்த்தது அப்படி, எடுத்தாங்க, தழும்பு பக்கத்துலயே மறுபடி வந்துச்சு, மொதல்ல இருந்தத விட பெருசா வந்துச்சு. ஆனா அதுக்கு காரணம் கத்தி இல்ல, மிச்சம் விட்டது. பாதி எடுத்த கட்டிய அப்படியே விட்டா அது தழும்புக்குள்ள தான் வளரும், சதைக்கும் எலும்புக்கும் கிட்ட போகும், அப்புறம் எடுக்கறது இன்னும் கஷ்டம். சில பேருக்கு ஃபைப்ரோசார்கோமாவா மாறி மூர்க்கமான ஜாதி ஆயிடும், அப்பத்தான் நுரையீரலுக்கு போற பயம் கூடுது. அதனால அம்மாகிட்ட இப்படி சொல்லுங்க, இது ரெண்டாவது ஆபரேஷன் இல்லம்மா, மொத ஆபரேஷன் இன்னும் முடியல, அத முடிக்கப் போறாங்க. என் அனுபவத்துல இப்படி சொன்னா பெரியவங்க ஒத்துக்கறாங்க.

சரி, மார்ஜின் பாசிட்டிவ்னா என்ன. எங்ககிட்ட சதை வந்ததும் மொதல்ல அதோட வெளிப்பக்கம் பூரா கலர் மை பூசுவோம், மேல் பக்கம் நீலம், கீழ் பக்கம் கருப்பு, அடிப்பக்கம் மஞ்சள்னு வச்சுக்குங்களேன், லேபுக்கு லேப் மாறும். சர்ஜன் ஒரு மூலைல நூல் தையல் போட்டு இது தலைப்பக்கம்னு எழுதி அனுப்பினா தான் எந்தப் பக்கம் எதுன்னு எங்களுக்கு தெரியும், நூல் இல்லாம வந்தா அது வெறும் சதைத் துண்டு, எங்க மிச்சம் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. மை காஞ்சதும் குறுக்க வரிசையா வெட்டி, சின்ன பிளாஸ்டிக் பெட்டில போட்டு, ராத்திரி பூரா மெஷின்ல விட்டு, மெழுகுல பதிச்சு, அதுலேர்ந்து ஒரு மில்லிமீட்டர்ல 250ல ஒரு பங்கு கனத்துக்கு சீவி கண்ணாடில ஒட்டுவோம். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்ல பார்க்கறப்ப கட்டியோட செல்லு அந்த கலர் மைய தொட்டுகிட்டு இருந்தா அது தான் பாசிட்டிவ். தொடல, ஆனா ஒரு மில்லிமீட்டர் தள்ளி தான் இருக்குன்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதுவாங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அத நீங்க தெரிஞ்சுக்கறது நல்லது. இப்படி குறுக்க வெட்டிப் பார்க்கறதுல மொத்த ஓரத்துல 1 சதவீதம் கூட கண்ணுல படாது, ரெண்டு துண்டுக்கு நடுவுல ஒரு கால் நழுவிப் போயிருந்தா நெகட்டிவ்னு தான் ரிப்போர்ட் வரும். அதுக்குத்தான் சர்ஜன் தாராளமா வெட்டறார். அதுக்குத்தான் மோஸ் சர்ஜரின்னு இன்னொரு முறையும் இருக்கு, அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஃப்ரெட்ரிக் மோஸ் 1930கள்ல கொண்டு வந்தது. தட்டு மாதிரி மெல்லிசா ஒரு அடுக்கு எடுத்து அதோட ஓரம் முழுக்க, அடி முழுக்க பார்ப்பாங்க, எந்த எடத்துல மிச்சம் இருக்கோ அங்க மட்டும் மறுபடி ஒரு அடுக்கு. இந்தக் கட்டிக்கு உறைய வச்சு உடனே பார்க்கறது அவ்ளோ நல்லா தெரியாது, செல்லு எல்லாம் நீள நீளமா சாதாரண தழும்பு செல்லு மாதிரியே இருக்கும், அதனால பல எடத்துல மெழுகுல பதிச்சு நிதானமா பார்க்கற ஸ்லோ மோஸ் பண்றாங்க, நோயாளி கட்டோட சில நாள் காத்திருக்கணும். மோஸ்ல திரும்பி வர்றது 1 சதவீதம் பக்கம் தான்னு கணக்கு. முகம், கழுத்து, விரல் மாதிரி எடமா இருந்தா மோஸ் தேடி போறதுல அர்த்தம் இருக்கு. தோள்பட்டை பின்னாடின்னா சதை தாராளமா இருக்கற எடம், மோஸ் கிடைக்கலயேன்னு ஏங்க வேண்டியதில்ல, அகலமா வெட்டற முறைய நல்லா செஞ்சாலே 10 பேர்ல 9 பேருக்கு மேல திரும்பி வராது.

நல்லா செய்யறதுன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, இருக்கற தழும்போட விளிம்புலேர்ந்து சுத்தி 2லேர்ந்து 4 சென்டிமீட்டர், அடியில சதை மேல போர்த்தியிருக்கற வெள்ளை ஜவ்வு இருக்கே, ஃபேஷியா, அதையும் சேர்த்து எடுக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, தழும்பு 5 சென்டிமீட்டர் நீளம்னா ரெண்டு பக்கமும் 3 விட்டா காயம் 11 சென்டிமீட்டர் ஆயிடும், அகலம் 6க்கு மேல. பார்க்க பயங்கரமா தான் இருக்கும். வீட்ல யாரும் "இத்தூண்டு கட்டிக்கு இவ்ளோ பெரிய குழியா, டாக்டர் ஏமாத்திட்டார்"னு பேசாம இருக்க இத முன்னாடியே எல்லாருக்கும் சொல்லி வச்சிடுங்க.

அடுத்து இது ரொம்ப முக்கியம், பல பேர் கேக்க மறக்கறது. காயத்த எப்படி மூடப் போறீங்க, எப்ப மூடப் போறீங்கன்னு சர்ஜன்கிட்ட கேளுங்க. பக்கத்துத் தோலை கிளப்பி, திருப்பி, இழுத்து தைக்கறதுக்கு ஃபிளாப்னு பேரு, பார்க்க அழகா இருக்கும். ஆனா ஓரம் கிளியரான்னு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே ஃபிளாப் போட்டுட்டா, மிச்சம் இருந்த செல்லு புது எடத்துக்கு நகர்ந்துடும், அப்புறம் மார்ஜின் பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்தா எந்த ஓரத்த போய் மறுபடி வெட்டறது, எல்லாம் இடம் மாறிப்போச்சு. அதனால ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கட்டு போட்டு வச்சுட்டு அப்புறம் மூடறது, இல்லன்னா தொடைலேர்ந்து மெல்லிசா தோல் சீவி வச்சு ஒட்டறது, இது ரெண்டுல ஒண்ணு தான் நான் பார்த்த வரைக்கும் புத்திசாலித்தனம். ஒட்டுத்தோல் கொஞ்சம் பள்ளமா, நிறம் மாறி இருக்கும், அழகு கம்மி தான், ஆனா அடியில எதாவது முளைச்சா சீக்கிரம் தெரியும், கனமான ஃபிளாப்புக்கு அடியில முளைச்சா தெரியறதுக்கு நாளாகும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க, அடியில எவ்ளோ ஆழம்னு சர்ஜனுக்கு தெரியும். நுரையீரல் சிடி ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்ல, ரிப்போர்ட்ல ஃபைப்ரோசார்கோமேட்டஸ்னு (முன்ன சொன்ன மூர்க்கமான ஜாதி) ஒரு வார்த்தை இருந்தா, இல்ல திரும்பத் திரும்ப வந்த கட்டின்னா எடுப்பாங்க. அந்த வார்த்தை இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட்ட நல்லா பாருங்க, இல்லன்னா டாக்டர்கிட்ட வாய் விட்டு கேளுங்க. சிடி34ன்னு ஒரு ஸ்டெய்ன், அதாவது செல்லு என்ன வகைன்னு காட்டற சாயப் பரிசோதனை, பண்ணியிருக்காங்களான்னும் பாருங்க, இந்தக் கட்டில அது பளிச்சுன்னு பாசிட்டிவா வரும், டெர்மட்டோஃபைப ்ரோமாங்கிற ஆபத்தில்லாத சாதாரண தோல் கட்டில பெரும்பாலும் வராது, ரெண்டையும் பிரிக்கறதே அது தான்.

தள்ளிப் போடலாமான்னு கேட்டா, இது நாளைக்கே ஓடணும்ங்கிற அவசரம் இல்ல, நல்ல சர்ஜன் கிடைக்க சில வாரம் ஆனா பரவாயில்ல. ஆனா வாரம் மாசமாகி, மாசம் வருஷமாகறது தான் நம்ம ஊர் வழக்கம். திங்ஜானுக்கு முன்னாடி தேதி கிடைச்சா யோசிச்சு வாங்குங்க, தண்ணி விழா நாள்ல பாதி எடம் மூடியிருக்கும், டிரெஸ்ஸிங் மாத்த ஆள் தேடணும், தெருவுல இறங்கினா யாராவது வாளியோட ஊத்திடுவாங்க, புது ஒட்டுத்தோல் நனைஞ்சா பிரச்சினை.

எங்க போறதுன்னு கேட்டீங்க. ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரில கதிர்வீச்சு பிரிவு வரைக்கும் இருக்கு, வசதி இருக்கறவங்க பாங்காக் போறாங்க, நம்ம ஆளுங்க பாஷை பிரச்சினை இல்லன்னு சென்னை, வேலூர் போறாங்க. எங்க வேணா போங்க, ஒண்ணு மட்டும் செய்யுங்க, போறதுக்கு முன்னாடி மொதல்ல பார்த்த லேப்ல போய் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் எழுதிக் குடுத்து வாங்கிக்குங்க. வெறும் ரிப்போர்ட் பேப்பர வச்சுகிட்டு அங்க ஒண்ணும் பண்ண முடியாது, பிளாக் இருந்தா அதுலேர்ந்து மறுபடி சீவி என்ன டெஸ்ட் வேணும்னாலும் பண்ணலாம். பிளாக் தீப்பெட்டிய விட சின்னது, பல வருஷம் கெடாது, வெயில்ல மட்டும் வைக்காதீங்க, மெழுகு உருகிடும். ஒரு நோயாளியோட சதைய எங்கயோ ஒரு கிளினிக்ல, சதைய கெடாம வைக்கற ஃபார்மலின் இல்லாம உப்புத்தண்ணில போட்டு, வாய் குறுகலான ஊசி மருந்து பாட்டில்ல திணிச்சு அனுப்பியிருந்தாங்க, வெளிய எடுக்க பாட்டில உடைக்க வேண்டியதாப் போச்சு, சதை பாதி அழுகிப்போய் ஓரம் ஒண்ணும் படிக்க முடியல. அதனால மறுபடி வெட்டறப்ப, 10 சதவீத ஃபார்மலின், சதையோட அளவுக்கு 10 மடங்கு, அகல வாய் டப்பா, இத சர்ஜனோட நர்ஸ்கிட்ட பவ்யமா கேட்டு வச்சுக்குங்க. கோவிச்சுகிட்டா கோவிச்சுக்கட்டும்.

மாத்திரை பத்தி. இந்தக் கட்டில 10ல 9 பேருக்கு மேல 17வது குரோமோசோமும் 22வது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால செல்லு தனக்குத் தானே "வளரு வளரு"ன்னு சிக்னல் குடுத்துகிட்டே இருக்கும். அந்த சிக்னல அடைக்கற மாத்திரை இமாட்டினிப், ரத்தப் புற்றுநோய்க்கு வந்தது, 2006ல அமெரிக்காவுல இதுக்கும் அனுமதி குடுத்தாங்க. ஆனா யாருக்குன்னா, வெட்டவே முடியாத எடத்துல இருக்கறவங்க, வெட்ட முடியாதபடி திரும்பி வந்தவங்க, உடம்புல பரவினவங்களுக்கு. சில சமயம் பெரிய கட்டிய சின்னதாக்கி அப்புறம் வெட்டறதுக்கும் குடுப்பாங்க. சுத்தமா எடுத்தாச்சு, இனிமே வராம இருக்க ஒரு வருஷம் சாப்பிடறேன்னு சாப்பிடற மாத்திரை இல்ல அது. இந்தியாவுல இது மலிவா கிடைக்கறதுக்கு ஒரு கதை இருக்கு, நோவார்ட்டிஸ் கம்பெனியோட பேட்டன்ட் அப்ளிகேஷன சென்னை பேட்டன்ட் ஆபீஸ் 2006ல தள்ளுபடி பண்ணி, கேஸ் நடந்து 2013ல சுப்ரீம் கோர்ட்டும் கிடையாதுன்னுடுச்சு. மலிவா கிடைக்குதேன்னு யாரோ சென்னைலேர்ந்து வாங்கி அனுப்பறாங்கன்னு டாக்டர் சொல்லாம ஆரம்பிச்சிடாதீங்க, முகம் வீங்கும், வாந்தி வரும், கால் இழுத்துப் பிடிக்கும், அதோட அந்த குரோமோசோம் மாத்தம் இல்லாத கட்டிக்கு அது வேலையே செய்யாது, மொதல்ல பிளாக்ல டெஸ்ட் பண்ணணும்.

கதிர்வீச்சும் அதே மாதிரி தான், எல்லாருக்கும் இல்ல. மறுபடி வெட்டியும் ஓரம் கிளியர் ஆகல, இனிமே வெட்டினா கை செயல் போயிடும்ங்கிற நிலைமை வந்தா குடுப்பாங்க, 50லேர்ந்து 60 கிரே (கதிர்வீச்சோட அளவு), தினம் கொஞ்சம் கொஞ்சமா 5, 6 வாரம் போகும். மோல்மீன்லேர்ந்து ரங்கூன் வந்து அத்தனை வாரம் தங்கறதுக்கு சொந்தக்காரங்க வீடு இருக்கான்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க, தேவைப்படாம போனா நல்லது.

பத்தியம். கத்திரிக்கா, கருவாடு, நாப்பி (பர்மா மீன் விழுது), கோழி எதுக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லப்போனா ஆபரேஷனுக்கு அப்புறம் மீன், முட்டை, பருப்புன்னு நல்லா சாப்பிட்டா தான் ஒட்டுத்தோல் பிடிக்கும், பத்தியம்னு கஞ்சியா குடுத்து ஆள இளைக்க வச்சிடாதீங்க. விடச் சொல்ல வேண்டியது கூன்யா தான், புகையிலை போட்ட வெத்தலை, சிகரெட்டு, சுருட்டு எல்லாம். நிக்கோட்டின் சின்ன ரத்தக்குழாய சுருக்கிடும், புதுசா ஒட்டின தோலுக்கு ரத்தம் கிடைக்காம கருத்துப்போயிடும். ஆபரேஷனுக்கு சில வாரம் முன்னாடியே நிறுத்தினா நல்லது. தழும்பு மேல பச்சிலை அரைச்சு பூசறது, சூடு போடறது, கெலாய்டு ஊசி போடறது எதுவும் வேண்டாம், எண்ணெய் தடவறதுன்னா கூட காயம் முழுசா ஆறினப்புறம் டாக்டர கேட்டுட்டு.

அப்புறம் கண்காணிப்பு. திரும்பி வர்றதுல பெரும்பாலானது மொத 3 வருஷத்துக்குள்ள வந்துடும், ஆனா 5 வருஷம், 10 வருஷம் கழிச்சு வந்ததும் உண்டு, அதனால அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுன்னு டாட்டா காட்டிட முடியாது. மொத சில வருஷம் 6 மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டணும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ. நடுவுல வீட்லயே அண்ணி பார்க்கலாம், தோள்பட்டை பின்னாடி அவருக்கே எட்டாதுல்ல. மாசத்துக்கு ஒரு நாள் குளிச்சுட்டு வந்ததும் மூணு விரல சேர்த்து வச்சு, தழும்பு மேலயும் அத சுத்தி ஒரு கை அகலத்துக்கும் மெதுவா அழுத்தி உருட்டிப் பார்க்கணும், தோலுக்கு அடியில ரப்பர் மாதிரி கெட்டியா, முன்ன இல்லாத உருண்டை எதாவது தட்டுப்படுதான்னு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க, தனக்கா (மரப்பட்டை அரைச்ச பூச்சு) பூசியிருந்தா துடைச்சிட்டு எடுங்க, நிறம் ஏமாத்தும். எதாவது தட்டுப்பட்டா "தழும்பு தடிச்சிருக்கு"ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, சின்னதா பயாப்சி எடுத்துப் பார்த்துடுங்க.

அண்ணன் பசங்களுக்கு வருமான்னு கேட்டிருந்தீங்க, வராது, இந்த குரோமோசோம் மாத்தம் அந்தக் கட்டியோட செல்லுல மட்டும் நடந்தது, பரம்பரையா எறங்காது, தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிடலாம். நெல்லு மூட்டை தூக்கினதால வந்துச்சான்னா, அடிபட்ட எடத்துல, பழைய தழும்புல வந்ததா சில பேர் எழுதியிருக்காங்க, ஆனா அதனால தான்னு யாரும் நிரூபிக்கல, அந்தக் கவலைய விடுங்க. பீலிக்கான் கோயிலுக்கு காவடி வேண்டுதல் இருக்குன்னீங்க, இந்த வருஷம் வேண்டாம், ஒட்டுத்தோல் மேல காவடிக் கட்டை அழுத்தினா புண்ணாயிடும், முதுகுல கொக்கி குத்தறது அந்தப் பக்கம் கூடவே கூடாது. அவசியம் நிறைவேத்தணும்னா சர்ஜன் சரின்னப்புறம் தலைல பால்குடம் எடுக்கட்டும், அதையும் இடது கையால பிடிச்சுக்கட்டும்.